நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது

ஜனவரி 20, திங்கள்

கம்பெனியில் மூன்றாம் மெஷின் இன்றும் இரண்டு மணி நேரம் நின்றது. பாட்டில் மூடி ஒன்றுகூட வெளியே வரவில்லை. சேதராப்பட்டு தொழிற்பேட்டை முழுக்கத் தேடியும் மோட்டார் கிடைக்கவில்லை.

தம்பி நாகராஜுக்குப் பெண் முடிவாகிவிட்டது. கல்யாணம் ஆவணியில். ஜெயசித்ரா இப்போதே புடவைப் பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

குளிக்கும்போது பார்த்தேன். அந்த இடத்தில் இரண்டு சின்ன மருக்கள். வலி இல்லை. சூட்டுக்கட்டியாக இருக்கும்.

ஜனவரி 29

சூட்டுக்கட்டி இல்லை. இப்போது ஐந்து.

பிப்ரவரி 2, ஞாயிறு

இரண்டு வாரமாக ஜெயசித்ரா பக்கமே போகவில்லை. உடம்பு அசதி என்கிறேன். "அசதியா, இல்ல எம்மேல எதுனா கோவமா?" என்று கேட்டாள். கோபமாம். அவள் மேல் எனக்கு!

போனில் தேடினேன். படங்களைப் பார்த்ததும் மூடிவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

லாஸ்பேட்டையில் எந்த க்ளினிக் போனாலும் தெரிந்த முகம் இருக்கும். நெல்லித்தோப்பில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். வயசானவர். ஒரு நிமிடம்தான் பார்த்தார்.

"எச்.பி.வி.னு ஒரு வைரஸ். அதால வர்ற மரு. கல்யாணம் ஆனவருதானே? வெளியில எங்கனா போனீங்களா?"

"ஒரு தடவ."

இரண்டு தடவை. டாக்டரிடமும் பொய்.

ஓசூர். இரண்டு வருடத்துக்கு முன், கம்பெனி பயிற்சிக்கு அனுப்பிய நான்கு மாதம். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவள் மேல் பழி போடவும் மாட்டேன். போனது நான்.

மருவை எரித்துவிடலாம், வைரஸுக்கு மருந்து கிடையாது, பெரும்பாலும் உடம்பே அடக்கிவிடும் என்றார். நிம்மதியாக எழுந்தேன். "உக்காருங்க. இந்த வைரஸ் கூட்டத்துலயே வேற வகையும் இருக்கு. அது பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பை வாயில புற்றுநோய் கொண்டாந்துடும். ஆம்பளைக்கும் தொண்டையில, கீழ வரலாம். சம்சாரத்த டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க."

தடுப்பூசி இருக்கிறதே என்றேன்.

"அது வர்றதுக்கு முன்னாடி போட்டுக்கறது. வந்தத போக்காது. ஆணு பொண்ணு ரெண்டு பேருக்கும்தான். ஒம்பது வயசுலேருந்து இருவத்தாறு வரைக்கும் போடறாங்க. யாருக்குங்க தெரியுது?"

எனக்கு முப்பத்தேழு. நாகராஜுக்கு இருபத்தைந்து.

பிப்ரவரி 9

நேற்று டாக்டர் மருவை எரித்த இடம் எரிகிறது. இருக்கட்டும்.

பிப்ரவரி 15

"காலேஜ் பக்கத்துல லேடி டாக்டர் இருக்காங்களே, ஒரு செக்கப் பண்ணிக்கயேன்" என்றேன். "எனக்கு என்னா வியாதி?" என்று சிரித்துவிட்டு ஆபீஸுக்கு ஸ்கூட்டியை எடுத்தாள். எப்படிச் சொல்வது? எங்கிருந்து தொடங்குவது? சொல்லாமல் விட்டால் — அவளுக்குள் ஏதாவது வளர்ந்துகொண்டிருந்தால்?

பிப்ரவரி 17, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மகள் கலை ட்யூஷனுக்குப் போயிருந்தாள். ஜெயசித்ரா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"எத்தினி தடவ?"

"ரெண்டு."

"எனக்கு வந்துருந்தா என்னா பண்ணுவ நீ?"

நீ என்றாள். ஒன்பது வருடத்தில் முதல் முறை.

"போ. கலைய கூட்டிகினு வா" என்றாள்.

பிப்ரவரி 18

பேசவில்லை. சோறு எடுத்துவைத்திருந்தாள்.

பிப்ரவரி 22

காலேஜ் பக்கத்து வசந்தா டாக்டரிடம் தனியாகப் போய் டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். கூட வரட்டுமா என்றதற்கு, "வேணாம்."

மார்ச் 3, திங்கள்

இருக்கிறது.

ரிப்போர்ட்டை மேசை மேல் வைத்தாள். "புற்றுநோய் வகையில ஒண்ணு இருக்குதாம். ஒன் மரு வேற வகையாம், இது வேறயாம். எப்ப வந்துது, யாருகிட்டேருந்து வந்துதுன்னு சொல்ல முடியாதாம்."

ரிப்போர்ட்டை மடித்து உறையில் போட்டாள்.

"ஆனா நான் எங்கியும் போவலியே."

மார்ச் 5

பாத்ரூமில் தொண்டையைத் தடவித் தடவிப் பார்க்கிறேன். ஆண்களுக்கென்று டெஸ்டே கிடையாதாம். எனக்குள்ளும் இருந்தால்? எனக்கு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு வந்தால் நியாயம். அவளுக்கு ஏன்யா?

மார்ச் 14, வெள்ளி

கர்ப்பப்பை வாயைக் கருவி வைத்துப் பார்த்தார்கள். இன்று வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, அதனால் போனேன். வெளியே பெஞ்சில் நான் ஒருவன்தான் ஆண். ஐம்பது நிமிடம். தெரிந்த சாமியெல்லாம் கூப்பிட்டேன்.

டாக்டர் இருவரையும் உள்ளே அழைத்தார். "செல்லுல மாற்றம் எதுவும் இல்ல. வைரஸ் மட்டும் இருக்கு. ஒரு வருஷம் கழிச்சு கண்டிப்பா திரும்ப பாக்கணும். நெறய பேருக்குத் தானா அடங்கிடும்."

"அடங்கலைன்னா?" ஜெயசித்ராதான் கேட்டாள்.

"மாற்றத்த முன்னாடியே புடிச்சா சரி பண்ணிடலாம்மா. அதுக்குத்தான் வரச் சொல்றேன்."

திரும்பும்போது வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு வருஷம். முந்நூற்று அறுபத்தைந்து நாள் எப்படிப் போகும்?

மார்ச் 23

நாகராஜ் பத்திரிகை மாதிரிகளோடு வந்தான். ஊசி போட்டுக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன்ணா என்று கேட்டால்? மஞ்சள் அட்டை நன்றாக இருக்கிறது என்றேன். என்ன அண்ணன் நான்?

அவன் போனதும் ஜெயசித்ரா, "அவனுக்குச் சொல்லிட்டியா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாகராஜ் மதியம் சாப்பிட வந்தான். வஞ்சிரம் குழம்பு. பரிமாறிக்கொண்டே ஜெயசித்ரா சொன்னாள்: "நாகராஜ், எச்.பி.வி. ஊசி போட்டுக்கோ. மூணு தவணை. ரெண்டு கல்யாணத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"அது பொம்பளைங்க ஊசியாச்சே அண்ணி?"

"ஆம்பளைக்கும்தான். ஒனக்கும் நல்லது, வர்றவளுக்கும் நல்லது."

"திடீர்னு என்னா? யாரு சொன்னா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"ஒங்க அண்ணன்தான். எங்கியோ படிச்சிட்டு வந்து, தம்பிக்குப் போடணும், தம்பிக்குப் போடணும்னு ஒரே பொலம்பல். ஒங்கிட்ட சொல்ல வெக்கம்."

நாகராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தான். "இதுக்கு என்னாண்ணா வெக்கம்?"

அவள் என் தட்டில் ஒரு துண்டு மீன் வைத்தாள். "நாளைக்கு லீவு போட்டு நீங்களே கூட்டிகினு போயிட்டு வாங்க."

கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன். வசந்தா டாக்டரிடம் கேட்டதில், காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள்.