சேகரின் பைக்

கல்பாக்கம், ஆகஸ்ட் 2003, ஞாயிறு இரவு

இன்று சேகரின் பைக்கை வெளியே எடுத்தேன். ரேஸில் விழுந்து அவன் செத்ததிலிருந்து, ரோட்டில் ஓட்ட அவன் வைத்திருந்த இந்த வண்டியை யாரும் தொடவில்லை.

ஆபீஸ் நண்பர் சொன்னதுதான் காரணம். "ஆபத்தைத் தேடுற குணம் கொஞ்சம் பிறவியிலயே வருதாம் சார். அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கற ரெட்டைங்கன்னா..." என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். நானும் சேகரும் அப்படிப் பிறந்தவர்கள்தான். ஆனால் நான் ஸ்கூட்டரைக்கூட மெதுவாக ஓட்டுகிறவன். முட்டாள், அம்மாவை நினைக்காமல் போனான் என்று அவனைத் திட்டித் திட்டித்தான் இத்தனை மாதம் தாங்கினேன்.

மாமல்லபுரம் போகிற வழியில், சவுக்குத் தோப்பு தாண்டி ரோடு காலியாக இருந்தது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கினேன். பயம் வரும் என்று நினைத்தேன். சிரிப்புதான் வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். அவன் சிரிப்பதுபோலவே கேட்டது.

ஓரமாக நிறுத்தி உட்கார்ந்து அழுதேன். இனி அவன்மேல் எப்படிக் கோபப்படுவேன்?

திரும்பி வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"பயமா இருந்துச்சாடா?"

"ரொம்பம்மா. இனிமே தொட மாட்டேன்."

சாவியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அவனும் மொத நாள் வந்து இதத்தான் சொன்னான்."

அதன்பிறகு அவள் சாப்பிடவில்லை. உள்ளறையில் அழுகிறாள், கேட்கிறது. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் இங்கே, சாவியை எங்கே வைத்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.