பூன் லியாட்டின் முன்கண்ணாடி

ஜொகூர் பாரு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஆக்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க முருகன் துணை. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, காய்கறி வாங்கப் பசாருக்கு நடந்தே போகிறாள். போனில் என் குரல் சரியில்லை என்றாயே, காரணத்தை வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் பட்டறைக்குப் பத்து வருஷமாகக் கார் கொண்டுவரும் சிங்கப்பூர்ச் சீனர் பூன் லியாட். அவர் தாயார் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார், புதன்தோறும் இவர் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வந்து கஞ்சி ஊட்டிவிட்டுப் போவார். போன மாதம் காரின் முன்கண்ணாடி விரிசல் விட்டது. கம்பெனிக் கண்ணாடி வர நாளாகும் என்பதால் வேறு கம்பெனிக் கண்ணாடி ஒன்றைப் போட்டேன், வெயில் தாக்காத வகை, உள்ளே மெல்லிய உலோகப் பூச்சு. எல்லையில் காரை அடையாளம் காட்டும் புது டேக்கைப் பழைய இடத்திலேயே ஒட்டினேன். பூச்சு சிக்னலை மறைக்கும், நடுவில் மேலே பூச்சில்லாமல் விட்ட சதுரத்தில்தான் ஒட்ட வேண்டும் என்று கண்ணாடி வந்த பெட்டியில் எழுதியிருந்தது. அதைப் படித்தேன்தான். அவர் அவசரப்பட்டார், நான் மறந்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம், தாயாருக்கு மூச்சு இழுக்கிறது என்று இல்லத்திலிருந்து போன் வர, பூன் லியாட் புறப்பட்டிருக்கிறார். நம் மலேசியப் பக்கத்துக் குடிநுழைவுச் சாவடியில் மெஷின் டேக்கைப் படிக்காததால் தடுப்புக் கட்டை எழும்பவில்லை. பின்னால் ஒரே ஹாரன். ஓரம் கட்டச் சொல்லி, கார் நம்பரைக் கையால் தட்டிப் பார்த்து உள்ளே விடுவதற்குள் நாற்பது நிமிஷம். அவர் போய்ச் சேர்ந்தபோது உயிர் பிரிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. "பூன் லியாட் வந்துட்டானா?" என்று அந்த அம்மாள் இரண்டு தடவை கேட்டாராம்.

காரியம் முடிந்து சட்டைக் கையில் துக்கத்துக்கான கறுப்புத் துணி குத்திக்கொண்டு வந்தார். "அண்ணே, இந்த டேக்கு கெட்டுப் போச்சு போல, பாருங்களேன்" என்று மலாயில் சொன்னார். என்மேல் சந்தேகமே இல்லை. "அவருக்கே தெரியல, விட்டுடுங்க" என்று பக்கத்தில் நின்ற உன் அம்மா தமிழில் மெல்லச் சொன்னாள். என்னால் முடியவில்லை அம்மாடி. "டேக்கு நல்லாத்தான் இருக்கு, நான் ஒட்டுன எடந்தான் தப்பு" என்றேன். அவர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். பிறகு கதவுக் கண்ணாடியை இறக்கி, "பெட்டியில எழுதியிருந்துச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "படிச்சீங்களா?" படித்தேன் என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எந்தக் காரின் முன்னால் நின்றாலும் உள்ளே அவர் முகம் தெரிகிறது, வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

அதே வகைக் கண்ணாடியை நான் போட்டுவிட்ட மற்ற ஏழு பேரையும் போனில் கூப்பிட்டேன். ஐந்து பேர் வந்து டேக்கை மாற்றிக்கொண்டார்கள். மற்ற இருவர் போனை எடுக்கவில்லை, தினமும் அடிக்கிறேன்.

நேற்று பூன் லியாட் வந்து சாவியை நீட்டினார். கண்ணாடியையே மாற்றச் சொன்னார். டேக்கை நகர்த்தினால் போதுமே என்றேன். "இனி இந்தப் பக்கம் எனக்கு யார் இருக்கா? அந்தக் கண்ணாடி வழியா ரோட்டப் பாக்க முடியலண்ணே" என்றார். மாற்றிக் கொடுத்தேன். கழற்றியது பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. உடைக்கக் கை வரவில்லை.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும். மழையில் மாப்பிள்ளையை வேகமாக ஓட்டவிடாதே. இதைப் பற்றி அம்மாவிடம் கேட்டுவிடாதே, அவளும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

உன் அப்பா,
ரெங்கசாமி