சுவடுகளில் வைத்த காளான்கள்

அன்புள்ள ராபிஹாவுக்கு,

உன் மேலும், மகள் வஃபிய்யா மேலும், நான் இன்னும் கண்ணால் பார்க்காத பேரன் மேலும் இறைவனின் சாந்தி இறங்கட்டும். மிஃப்தா எழுதுகிறேன். நான் நலம். வழக்கமாக யோசிக்காமல் எழுதிவிடும் சொல் இது. இந்த முறை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கறுப்புக் காது ஆடு இரட்டை ஈன்றது. ஒரு குட்டி சோனி. அதை உன் பச்சைச் சால்வையில் சுற்றி வைத்திருக்கிறேன். திட்டாதே, அவசரத்துக்கு வேறு துணி அகப்படவில்லை. மழையில் நிலத்தொட்டி கழுத்துவரை நிரம்பிவிட்டது. நான் பாலைவனத்தில் பொறுக்கிவந்த இரும்புத் தொப்பியைத் தூக்கி எறியச் சொல்லிக்கொண்டே இருந்தாயே, அதற்குள் உன் சிவப்புக் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. எந்த நாட்டுச் சிப்பாயின் தலையோ, இப்போது அதில் ஒன்பது முட்டை. சமையல் நானேதான். என் பருப்புக் கஞ்சியை உன் தம்பி அத்தீவா ஒரு வாய் வைத்துவிட்டு, "மச்சான், இதக் கடல்ல ஊத்துனா மீனெல்லாம் கரையேறி ஓடிவந்துரும்" என்றான்.

அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பயப்படாதே. உன் தம்பி உயிரோடு, முழு உடம்போடு இருக்கிறான். இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆடு, கோழி என்று நான் சுற்றிக்கொண்டிருந்தது பயத்தினால்தான். "அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது" என்று அவன் என் கையைப் பிடித்துக் கேட்டான். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, உனக்குத் தெரியாமல் நான் வைத்துக்கொண்ட விஷயங்கள் போதும் என்று தோன்றியது.

நீ கிளம்பிய காலையில் காளானுக்காக நான் மண் கிளறும் கம்பை இரண்டாக முறித்து அடுப்பில் வைத்து, அந்தத் தீயில் சுட்ட ரொட்டியை எனக்கு மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினாய். பிரசவத்துக்குப் போகிறாள், நாற்பது நாளில் வந்துவிடுவாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னேன். நாற்பது முடிந்து பதினெட்டு நாளாகிறது. இப்போது யாரும் என்னிடம் கேட்பதில்லை.

உன் தகப்பனார் தெற்குப் பொட்டலில் கண்ணிவெடிக்கு ஒரு காலைக் கொடுத்துவிட்டு வந்தபோது உனக்கு ஒன்பது வயது. அதனால்தான் நம் கல்யாணத்தன்று, ரயில் பாதைக்குத் தெற்கே காளான் தேடிப் போகமாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கினாய். இருபத்துமூன்று வருஷம் காப்பாற்றினேன். கடைசி மூன்று குளிர்காலம் மீறினேன். கேட்டபோதெல்லாம் சந்தையில் வாங்கியது என்றேன். நீ என் சட்டையை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவாய். அந்த ஆபத்தைவிட அந்தப் பொய்தான் உன்னைப் பஸ் ஏற்றியது என்று எனக்குத் தெரியும்.

போன வியாழக்கிழமை காலை அத்தீவா வண்டியோடு வந்தான். மூன்று வாரத்துக்கு முன் இங்கே இடித்த இடி உனக்கும் கேட்டிருக்கும். அப்படி ஓர் இடிக்குப் பிறகு மண்ணுக்குள் எத்தனை காளான் விளைந்திருக்கும் என்று நினைத்து எனக்கும் தூக்கம் போயிருந்தது. "மச்சான், ரோட்டோரமே பாத்துட்டு வந்துருவோம். அக்காதான் ஊர்ல இல்லையே" என்றான். நான் மறுக்கவில்லை. என் கணக்கு வேறு. ஒரு டப்பா நிறையக் காளானை நெய்யில் வதக்கி உனக்கு அனுப்பினால் உன் மனம் இளகும் என்று நினைத்தேன். உன்னைக் கோபப்படுத்திய பொருளை வைத்தே உன்னைச் சமாதானம் செய்யப் பார்த்தேன். இதைவிடப் பெரிய மடையன் யாரையாவது உனக்குத் தெரிந்தால் சொல்.

ரோட்டோரம் ஒன்றும் இல்லை. வழக்கம்போல் ரயில் பாதையைத் தாண்டினோம். அங்கே நிலம் வெடித்து வெடித்துக் கிடந்தது. ஒவ்வொரு வெடிப்புக்கும் கீழே ஒரு காளான். கொஞ்ச நேரத்தில் என் பையில் முப்பது சேர்ந்துவிட்டது, ஒவ்வொன்றும் உன் கைப்பிடி அளவு. நாம் இளவயதில் பார்த்ததற்கு அப்புறம் அப்படி ஒரு விளைச்சலை நான் பார்த்ததில்லை. அந்த மயக்கத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். யார் யாரோ நம் மண்ணில் சண்டை போட்டு, புதைத்த கண்ணிவெடியை எடுக்காமல் போய் நாற்பது வருஷம் ஆகிறது. வெள்ளம் ஓடினால் அது புதைத்த இடத்தில் இருப்பதில்லை. போன வருஷம் பத்திரமாக நடந்த இடம் இந்த வருஷம் பத்திரம் இல்லை.

அத்தீவா என்னைவிட்டு விலகிப் போயிருந்தான். திடீரென்று அவன் பாட்டு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். மண்ணில் உட்கார்ந்த நிலையில் அசையாமல் இருந்தான். "மச்சான், இது காளான் இல்ல" என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. கத்தியால் கிளறியபோது இரும்பு விளிம்பு தட்டியிருக்கிறது. பதறிப் பின்னால் சாய்ந்ததில் மூக்குக்கண்ணாடி தெறித்துவிட்டது. கை ஊன்றிய பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, இன்னொரு விளிம்பு. கண்ணாடி இல்லாமல் அவனுக்கு உன்னையும் தெரியாது, ஒட்டகத்தையும் தெரியாது. "வந்த தடத்துலயே திரும்பி வாடா" என்றேன். "தடமா? என் கையே எனக்குத் தெரியல" என்றான்.

நேராகப் போனால் பத்துத் தப்படி தூரம்தான். ஆனால் நேராக யார் போவது? அவன் செடிக்குச் செடி கோழி மாதிரி சுற்றிச் சுற்றிப் போயிருந்தான். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு சுவடு. இடது செருப்பு வெளிப்பக்கம் தேய்ந்தது, அதனால் அவன் அடி எது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தெற்கிலிருந்து காற்று கிளம்பிவிட்டது. ஈரமண்ணின் மேல் உலர்ந்த மணல் பாம்பு மாதிரி ஊர்ந்தது. முதல் சுவடுகளின் விளிம்பு என் கண்ணெதிரே மழுங்கிக்கொண்டிருந்தது. ஆளைக் கூட்டிவரப் போனால், திரும்பி வரும்போது சுவடு இருக்காது.

அவன் சுவட்டில் கால் வைத்து உள்ளே போனேன். காலை எடுத்ததும் பின்னால் குனிந்து, அந்தச் சுவட்டில் ஒரு காளானை அழுத்தி வைத்தேன். காற்று மூடினாலும் அது துருத்திக்கொண்டு தெரியும். நடுவில் ஓரிடம் கல்தரை, சுவடே இல்லை. குப்புறக் கவிழ்ந்து கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். வெயில் சாய்வாக விழுந்ததில் இரண்டு கற்கள் புதிதாக அமுங்கியிருந்தது தெரிந்தது; அங்கே அவையே அடையாளம். என் நெஞ்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் படுத்திருந்த அந்த நேரத்தில் அவன் அங்கிருந்து கேட்டான்: "மச்சான், தும்மல் வருது. தும்மலாமா?" மூக்கைப் பிடித்துக்கொள் என்றேன்.

முப்பதோடு காளான் தீர்ந்தது. மதியச் சாப்பாட்டு ரொட்டியைப் பிய்த்து ஆறு வைத்தேன். இடையில் ஒன்றுக்கு வெங்காயம். போய்ச் சேர்ந்ததும் அவன் என் காலைக் கட்டிக்கொண்டான்.

திரும்பும்போது நான் முன்னால், அவன் என் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால். நான் கால் எடுத்த இடத்தில் அவன் கால் வைக்க வேண்டும். மூன்றாவது அடியிலேயே நின்றுவிட்டேன். வெங்காயம் காற்றில் உருண்டு தள்ளிக் கிடந்தது. அது இருந்த சுவட்டை மணல் மூடிவிட்டது. "ஏன் நிக்கிற?" என்றான். குத்துக்காலிட்டு, மணலை வாயால் ஊதினேன், குழந்தை சூடான கஞ்சியை ஊதுவது போல. பல் நறநறத்தது. எத்தனை முறை ஊதினேனோ தெரியாது. கடைசியில் தேய்ந்த குதிகாலின் ஈர அச்சு தெரிந்தது.

அப்புறம் நாலு ரொட்டித் துண்டு, அதைத் தாண்டிக் காளான்கள் தொடங்கின. ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு வந்தோம். மிதிபட்டதும் எழும் அந்த வாசனை உனக்குத் தெரியும். "மச்சான், நாம மிதிக்கிறது எல்லாமே காளானா?" என்றான். ஆமாம் என்றேன். "பெருசா?" "வாய மூடிட்டு வாடா." பிறகு, "எங்க அத்தா அன்னிக்கு ஒத்தையா இருந்தாரு, இல்ல?" என்று கேட்டான். பட்டையில் இருந்த அவன் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், ராபிஹா.

வண்டியைத் தொட்டதும் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தோம். அவன் அழுதான். நான் தேநீர் போட முயன்று, தீக்குச்சி பற்றவைக்கத் தெரியாதவன் போல ஒரு பெட்டியைக் காலி செய்தேன். சாவடிச் சிப்பாய்களிடம் சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் அந்த இடத்தைச் சுற்றிக் கம்பி கட்டிவிட்டார்கள். அத்தீவாவின் கண்ணாடி இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. ஆடு மிதித்துவிட்டது என்று உன்னிடம் சொல்லப் போகிறானாம். நம்பாதே. ஆனால் அவனைக் கடிந்தும் பேசாதே. இரண்டு நாளாக அவன் வீட்டு முற்றத்தில்கூடக் குனிந்து பார்த்துத்தான் நடக்கிறான்.

கல்தரையில் படுத்திருந்தபோது எனக்கு மரண பயம் வந்ததா என்று நீ கேட்பாய். வந்தது. ஆனால் அதற்கும் முன்னால் வந்தது வேறு ஒன்று. மத்ரூஹில் மகள் வீட்டு வாசலில் யாரோ ஒருவன் வந்து நிற்கிறான். நீ கதவைத் திறக்கிறாய். அவன் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். உன் ஒன்பது வயதில் உங்கள் வாசலில் அப்படித்தான் ஒருவன் வந்து நின்றான் என்று நீ எனக்கு ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்ட பிறகும் மூன்று வருஷம் நான் போனேன்.

இன்னொரு வாக்குக் கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. என் வாக்கின் எடை என்ன என்று உனக்குத் தெரியும். அதனால் வாக்கு ஒன்றும் எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். அந்தி சாய்வதற்குள் அங்கே வந்துவிடுவேன். என்னோடு கிளம்புவதும் கிளம்பாததும் உன் விருப்பம், நான் கேட்கமாட்டேன். பேரனைத் தூக்கக் கொடுத்தால் தூக்குவேன். கொடுக்காவிட்டால் பார்த்துவிட்டுப் போவேன். நான் கதவைத் தட்டும்போது மகளை அனுப்பாதே, மருமகனை அனுப்பாதே. நீயே வந்து திற, ராபிஹா. வந்து நிற்பது நான்தான் என்று உன் கண்ணால் பார்.

இறைவன் உன் நெஞ்சுக்கு நிம்மதி தரட்டும்.

உன்,
மிஃப்தா