பிள்ளையார் படம் போட்ட ரெசுமே

அன்பு மகள் தேன்மொழிக்கு, சிகாமட்டிலிருந்து கனகராஜ் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் பிரேமலா சித்தியும் உன் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீ கடல் தாண்டி கோத்தா கினபாலுவில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டித் தையல் பிரித்தாயிற்று, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போகிறார், இப்படி ஒரு முட்டியை ஆஸ்பத்திரி சரித்திரத்திலேயே பார்த்ததில்லை என்று டாக்டர் சொன்னதாக நான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன், டாக்டர் சொன்னது என்னவோ பரவாயில்லை என்பதுதான்.

நீ போனில் சொன்ன நாளிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை. பதினொரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டு பதினொன்றும் இல்லை என்று வந்துவிட்டது. பாசிர் கூடாங் குளிர்கிடங்குக்காரன் நீ அனுப்பிய இரண்டாவது நிமிஷமே வருந்துகிறோம் என்று எழுதியிருக்கிறான், இரண்டு நிமிஷத்தில் எவனுக்கு வருத்தம் வரும், ஒரு தே தாரிக் டீ ஆறுவதற்குக்கூட அதைவிட நேரமாகும். மனுஷனே பார்ப்பதில்லையாம், ஏதோ சாப்ட்வேர் முதலில் படித்துக் கழித்துப் போட்டு மிச்சத்தைத்தான் ஆளிடம் காட்டுமாம். நான் பதினெட்டு வயதில் மலாக்காவுக்கு வேலை கேட்டுப் போனபோது சீன முதலாளி என் கையெழுத்தைப் பார்த்து நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார், ஆறாம் வகுப்போடு நின்ற பையனா என்று அவர் கேட்கவே இல்லை. இந்த மெஷினுக்கு எழுந்து நிற்க ஒரு கால் உண்டா. மாதக் கடைசிக்குள் இங்கே வேலை அமையாவிட்டால் நீ அங்கே இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அம்மா அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும், இதெல்லாம் அந்தப் பெட்டிக்கு என்ன தெரியும்.

இந்தக் கோபத்தில் நான் இருக்கும்போதுதான் லோஷினி என்று ஒரு பெண் கல்யாணக் கார்டு அடிக்க நம் கடைக்கு வந்தாள். ஜொகூர் பாருவில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலையாம். மாட்டினாள் என்று கார்டை ஓரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் திட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே, "அங்கிள், முதல்ல அந்த ரெசுமேய காட்டுங்க லா, பிறகு திட்டுங்க" என்றாள். நான் உனக்கு அடித்துக் கொடுத்ததாயிற்றே, பெருமையாகத்தான் திறந்து காட்டினேன். மேலே பிள்ளையார், வலது மூலையில் வட்டத்துக்குள் உன் போட்டோ, பெண் வீடு மாப்பிள்ளை வீடு மாதிரி இரண்டு பத்தி, சுற்றிலும் மயில் பார்டர், உன் பெயர் தங்க நிறத்தில். அவள் மௌஸை எழுத்துமேல் வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தாள், ஒரு எழுத்தும் நீலமாகவில்லை. "அலமாக், அங்கிள், இதுல எழுத்தே இல்ல. முழுசும் படம். கம்ப்யூட்டர் படிச்சா வெறும் வெள்ளைத் தாள்தான் தெரியும்" என்றாள்.

மகளே, அது என் முப்பது வருஷப் பழக்கம். தமிழ்க் கார்டை அப்படியே அனுப்பினால் வாங்குகிறவன் கம்ப்யூட்டரில் எழுத்து உடைந்து மணமகன் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும், அதனால் எதையும் படமாக மாற்றித்தான் இந்தக் கடையை விட்டு வெளியே அனுப்புவேன். உன் ரெசுமேயையும் அப்படித்தான் அனுப்பினேன். பதினொரு கம்பெனிக்கும் நீ வெள்ளைத் தாளைத்தான் போட்டிருக்கிறாய். பிரேமலா சித்தி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அதற்காக அந்த சாப்ட்வேர் யோக்கியன் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், பிள்ளையாரைப் பார்த்தும் அடையாளம் தெரியாததெல்லாம் ஒரு படிப்பா.

லோஷினி அங்கேயே உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் புதிதாக அடித்தேன். ஒரே பத்தி, கட்டம் வேண்டாம், போட்டோ வேண்டாம், பார்டர் வேண்டாம். விளம்பரத்தில் அவன் என்ன வார்த்தை போட்டிருக்கிறானோ, நீ உண்மையில் அந்த வேலையைச் செய்திருந்தால், அதே வார்த்தையில் எழுத வேண்டும், மெஷின் அதைத்தான் தேடுமாம். பிறகு அவள், "அக்கா அங்க என்னா வேலை பாக்குறாங்க, சரியா சொல்லுங்க" என்று கேட்டாள். கோத்தா கினபாலு துறைமுகமே அவள் கையில்தான் என்றேன். "அங்கிள், இத இண்டர்வியூல கேப்பாங்க லா" என்றாள். ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், உன் வேலை என்ன என்று ஒரு நாளும் உன்னைக் கேட்டதில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். நீ அனுப்பிய செய்திகளை அவர் ஒன்றுகூட அழிக்கவில்லை, ஒவ்வொன்றாக வாசித்தார். மீன் கண்டெய்னர்களின் குளிர் அளவைப் பார்த்துப் பதிவு செய்வது, உனக்குக் கீழே நான்கு பேர், நாற்பது என்று நான் போட்டிருந்ததை வெட்டிவிட்டேன். போன வருஷம் கரண்ட் போன அன்று பதினான்கு மணி நேரம் நின்று இருபத்தாறு கண்டெய்னரில் ஒன்றுகூடக் கெடாமல் காப்பாற்றினாயாமே. எனக்கு ஏன் சொல்லவில்லை. அடித்து முடித்துத் திரும்பப் படித்தேன், என் வழக்கப்படி கொஞ்சம் கூட்டிப் போடலாம் என்று விரலை வைத்தேன், கூட்ட ஒன்றும் அகப்படவில்லை.

பாசிர் கூடாங் விளம்பரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை இருக்கிறது, திருத்தி மறுபடி போடலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறான். புது ரெசுமே இதோடு வருகிறது, தேதிகளை ஒருமுறை சரிபார்த்து இன்றே போடு. இல்லை என்று வந்தாலும் இந்தத் தடவை உன்னைப் படித்துவிட்டாவது சொல்லட்டும். வெயிலில் தொப்பி போட்டுக்கொள், மீன் சாப்பாட்டோடு ஏதாவது காய்கறியும் சாப்பிடு. முருகன் உன்னைச் சீக்கிரம் வீடு கொண்டு வந்து சேர்க்கட்டும்.

இந்தக் கடிதத்தையும் படமாக மாற்றாமல் அப்படியே அனுப்புகிறேன். எங்காவது எழுத்து உடைந்திருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

உன் சித்தப்பா,
சி. கனகராஜ்
கல்யாணக் கார்டில் ஜொகூரிலேயே முதல் கடை
(சித்தி சொல்கிறாள்: சிகாமட்டில் இரண்டாவது)