பதக்கம் குத்தும் தூரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு வீரப் பதக்கம் அறிவித்திருக்கிறார்கள். போரில் தனியாக நின்று பாலத்தைக் காத்தவராம். அடுத்த ஞாயிறு விழா. அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். சீருடைக்கு அளவெடுத்த தையல்காரர், "மூச்சை இழுத்துப் பிடிங்க வீரரே, இல்லன்னா தொப்பை முந்திக்கிட்டுப் பதக்கத்த வாங்கிடும்" என்றார். அப்பா சிரித்தார். சத்தமாக.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

உனக்குத் தெரியும், குக்கர் விசில் அடித்தால் சுவரோடு ஒட்டிக்கொள்பவர். நேற்று ஒத்திகையில் காதருகே முரசு அடித்தார்கள். இமைகூட அசையவில்லை. அம்மா, "பாத்தியா, மனுஷனுக்கு எல்லாம் சரியாயிடுச்சு" என்கிறாள். இரவில் நன்றாகத் தூங்குகிறார். நான்தான் தூங்குவதில்லை.

பதக்கத்தைக் குத்தப்போவது அவருடைய பழைய கேப்டன். இப்போது பெரிய பதவி. அப்பா காய்ச்சலில் ஒரு முறை சொன்னது நினைவிருக்கிறதா? "பாலத்த விடாதீங்க, வண்டி வந்துட்டிருக்குன்னு வயர்லெஸ்ல சொன்னான். வண்டி அவன ஏத்திக்கிட்டு அந்தப் பக்கமா போயிடுச்சு." மற்றவர்கள் ஒவ்வொருவராக விழுந்தபிறகுதான் அப்பா தனியாக நின்றார். விழா அறிவிப்பில் தனியாக என்பது மட்டும் இருக்கிறது.

அந்த ஆள் கையாலா வாங்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். "அவர் கையாலதாம்மா வாங்கணும். கிட்ட வந்து குத்துவார்ல. அவ்வளவு பக்கத்துல அவர நான் பாத்ததே இல்ல" என்றார். கோபமே இல்லாத குரல். கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்னொன்று. பதக்கம் பெறுபவர்கள் துப்பாக்கியோடு மேடையில் நிற்பது, விழா நடத்தும் முன்னாள் படைவீரர் சங்கத்தின் வழக்கம். வெற்றுத் துப்பாக்கிதான், பயப்பட எதுவுமில்லை என்றார் செயலாளர். எல்லாம் துருப்பிடித்துக் கிடந்தன. சுத்தம் செய்யும் வேலையை அப்பாவே கேட்டு வாங்கிக்கொண்டார். தினமும் சங்கத்துக்குப் போய் வருகிறார். அங்கிருப்பவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பாவின் பட்டறைக்கு வேலை எதுவும் வரவில்லை. ஆனால் லேத் ஓடுகிறது. கதவை உள்ளே தாழிட்டுக்கொள்கிறார். பெருக்கப் போனபோது தரையில் கடைந்து விழுந்த பித்தளைச் சுருள்கள், விரல் தடிமனில் ஒரு துண்டு. கேட்டால் கதவுக்குக் குமிழ் என்கிறார். எந்தக் கதவுக்கு?

அம்மாவிடம் சொல்ல முடியாது. புதுப் புடவையை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். வெளியில் யாரிடம் சொன்னாலும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சொல்லாமல் இருந்தாலும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒருவேளை நான் நினைப்பது எல்லாம் தப்பாக இருக்கலாம். அப்படி இருக்கவேண்டும் என்று ஆசை.

உனக்கும் அவருக்கும் பேச்சு நின்று வருஷங்களாயிற்று. அது அப்படியே இருக்கட்டும். நீ பேச வேண்டாம்.

குடும்பத்தில் ஒருவர் மேடையில் உடன் நிற்கலாமாம். என் கை அவருக்குப் போதாது. உன் கை போதும். சனிக்கிழமைக்குள் வந்துவிடு. பதக்கம் குத்தும் நேரத்தில் மகன் அப்பாவின் வலது தோளை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றால், பார்ப்பவர்கள் பாசம் என்றுதான் நினைப்பார்கள்.

பயணத்தில் உனக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

உன் வரவுக்கு வாசலையே பார்த்திருக்கும்
தங்கை