உனக்கு மட்டும் டிக்கெட்

இன்று காலை அடித்தளத்து மோட்டார் அறையைப் பெருக்கச் சொன்னார்கள். கதவைத் திறந்ததும் கிரீசும் ஈரச் சுவரும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். நீ படுத்துக்கிடந்த இடத்தில் இப்போது பெயின்ட் டப்பாக்களை அடுக்கிவைத்திருக்கிறார்கள்.

படூரில் இந்த அடுக்ககத்துக்குக் காவலாளியாக வந்த புதிதில் நீ தினமும் திருக்கழுக்குன்றத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவாய். ஷேர் ஆட்டோ, கேளம்பாக்கத்தில் ஒரு பஸ், மாமல்லபுரத்தில் இன்னொன்று. ஆனாலும் நம் மகள் தூங்குவதற்குள் வாசலில் உன் செருப்புச் சத்தம் கேட்டுவிடும். பிறகு ஆட்டோக்காரர்கள் கட்டணத்தை ஏற்றினார்கள். நீ வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் சாதாரண பஸ் வருவதே அரிதாகி, கூடுதல் கட்டண பஸ்தான் வந்தது. உன் சம்பளம் மட்டும் ஏறவில்லை.

"டபுள் டூட்டி போட்டுட்டாங்க. இனிமே ஞாயித்துக்கிழமதான் வருவேன்" என்றாய். நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் பாதி நாள் தூங்கினாய். என் முகம் பார்த்துப் பேசவில்லை. "ஆம்பள வூட்டுக்கு வர்லன்னா இப்படியே உக்காந்துகினு இருப்பியா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் எதை நினைத்துச் சொல்கிறாள் என்று புரிந்தது. அதன் பிறகு ஒருநாள் போனில் உன் குரல் கம்மியிருந்தது. பின்னால் ஏதோ இரைச்சல். எங்கே இருக்கிறாய் என்று கேட்டதும் துண்டித்துவிட்டாய். மறுநாள் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, உன்னிடம் சொல்லாமலே கிளம்பினேன். அங்கே யாரைப் பார்க்கப் போகிறேனோ என்றே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

கேட்டில் இருந்த இன்னொரு காவலாளி தயங்கித் தயங்கிக் கீழே கையைக் காட்டினார். மோட்டார் இரைச்சலுக்கு நடுவே, பிரித்துப்போட்ட அட்டைப்பெட்டியின் மேல், காய்ச்சலில் சுருண்டு கிடந்தாய்.

"இன்னாயா இது கோலம்?"

"நீ இன்னாத்துக்கு வந்த? போ மொதல்ல. செக்ரெட்டரி பாத்தா வேல பூடும்."

"டபுள் டூட்டின்னு சொன்னியே?"

"டெய்லி வந்து போனா வூட்டுக்கு இன்னா மிஞ்சும்? நீயே சொல்லு, இன்னா மிஞ்சும்?" கத்தியதில் உனக்கு இருமல் வந்துவிட்டது.

வேறொருத்தி இல்லை என்ற நிம்மதியும், இப்படிக் கிடந்திருக்கிறாயே என்ற ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. கையைப் பிடித்துத் தூக்கும்போதே செயலாளர் வந்துவிட்டார். "இங்க தங்கச் சொல்லி யார் சொன்னது?" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். "யாரும் சொல்லல சார். நான் கூட்டிக்கினு போறேன்" என்றேன்.

கேளம்பாக்கத்தில் வெயிலில் காத்திருந்து சாதாரண பஸ்ஸில் ஏறினோம். "அம்மாவுக்கு ஃப்ரீ. உனுக்கு எடு அண்ணாத்த" என்றார் நடத்துநர். கையிலிருந்த டிக்கெட்டையே நீ பார்த்துக்கொண்டு வந்தாய்.

"அங்க பெருக்கித் தொடைக்க ஆள் தேடிக்கினு கீறாங்களாம். நீ ஊர்லயே ஏதாவது வேல பாரு, அங்க நான் போறேன்யா" என்றேன். "இந்த பஸ்ஸுல எனுக்கு டிக்கெட் இல்ல. ஆட்டோ போற தூரத்த நடந்துக்கறேன்."

மாமல்லபுரம் வரை நீ அந்த டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தாய். தாடை இறுகியிருந்தது. சண்டை வரப்போகிறது என்றே நினைத்தேன். இறங்கும்போது, வேறெங்கோ பார்த்தபடி, "பாப்பாவுக்கு யாரு ஜட போடுவா? எனுக்குத் தெரியாதே" என்றாய்.

கற்றுக்கொண்டாய். பகலில் நம்மூர் பஸ் நிலையத்துக் காய்கறிக் கடையில் மூட்டை இறக்கினாய். "இன்னா, பொண்டாட்டி சம்பாத்தியமா?" என்று கேட்டவர்களிடம், "ஆமா. அவள சும்மா ஏத்திக்கினு போறான். என்ன ஏத்தலயே" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் அன்று இரவு நீ சரியாகச் சாப்பிடவில்லை.

போன வருடம் அந்தக் கடையிலிருந்துதான் எனக்குப் போன் வந்தது. நெஞ்சுவலி, செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிறோம் என்றார்கள். சாதாரண பஸ் வரும் வழியாக இல்லை. எதிரே வந்த ஆட்டோவை மறித்து, ஆட்டோக்காரர் கேட்ட காசுக்குத் தலையாட்டி ஏறினேன். ஆஸ்பத்திரியில் நீ கண் விழித்துத்தான் இருந்தாய்.

"எதுல வந்த?"

"சாதா பஸ்ஸுலதான்."

"நின்னுகினா வந்த?"

"இல்லயா. சீட்டு கெடச்சுது."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் போய்விட்டாய்.

ஷேர் ஆட்டோ கட்டணம் மறுபடியும் ஏறியிருக்கிறது. என்னோடு வேலை செய்யும் செல்வியின் புருஷன் கட்டடம் கட்டும் இடத்திலேயே தங்குகிறானாம். "ஓவர்டைமாம்க்கா. நல்ல காசு வரும்னு சொல்றாரு" என்றாள் இன்று மதியம். சோற்றுக் கை அப்படியே நின்றுவிட்டது. அவன் கத்துவான், வெட்கப்படுவான், திரும்பிப் போ என்பான். அவளுக்கு அதெல்லாம் இன்னும் தெரியாது.

"வேல முடிஞ்சதும் அவரு தங்கற எடத்துக்குக் கெளம்பு. நானும் வரேன்" என்றேன்.