நஸ்ரீன் முப்பது நோன்பும் வைத்தாள்

அன்பு மச்சானுக்கு, மும்தாஜ் சலாம் சொல்லி எழுதறது.

நீங்க எங்களை விட்டுப் போய் ரெண்டு வருஷமாகுது. அங்க நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். நான் நம்பறேன்னு சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வரும். என்னைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து, "பால்காரன்லேர்ந்து பக்கத்து வீடு வரைக்கும், உனக்கு யார் மேலதான் சந்தேகம் இல்ல?"ன்னு கேட்ட மனுஷன் நீங்க. இப்ப நம்ம மக நஸ்ரீன் மேலயே எனக்குச் சந்தேகம்.

காட்டுப்பாக்கத்துல அதே வாடகை வீடுதான். மெட்ரோ தூணுக்குக் கீழ காலேஜ் பஸ் வந்து நிக்குது, அதுல ஏறிப் போறா, வர்றா. இந்த ரமலான்ல முப்பது நோன்பும் விடாம வெச்சா. கீழ்வீட்டு செல்வி அக்கா, இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு இப்டி கீதுன்னு திருஷ்டி கழிச்சாங்க. உங்க தங்கச்சி தன் மகளை நிக்க வெச்சு, நஸ்ரீனைப் பாத்துக் கத்துக்கோன்னு சொன்னா. நானும் பூரிச்சுப் போய்தான் நின்னேன். பெருநாள் முடிஞ்சதும் ஆறு நோன்பு வெச்சா. அப்புறம் சுன்னத்துன்னு வாராவாரம் திங்கள், வியாழன். இப்ப எந்தக் கணக்குலயும் இல்லாத புதனும் சேந்துக்கிச்சு. அங்கதான் எனக்கு உதைச்சுது.

நோன்பு திறக்கிற நேரத்துல அவளைக் கவனிக்க ஆரம்பிச்சேன். பேரீச்சம்பழத்துல பாதியைப் பிச்சு வாயில போடறா. தொழுகைக்கு நேரமாச்சுன்னு கஞ்சிக் கிண்ணத்தோட ரூமுக்குள்ள போயிடறா. கிண்ணம் கழுவித் திரும்பி வருது. தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு டம்ளர் கழுவாத பொண்ணு மச்சான், இப்ப தானா எதுக்குக் கழுவறா? பாத்ரூம் ஜல்லடையில கஞ்சிப் பருக்கை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

அவ ஃபோன்ல பாக்கற வீடியோவுல ஒருத்தி வர்றா. அழகா முக்காடு போட்டுக்கிட்டு, நோன்பு வெச்சா இடுப்பு எப்படிச் சிறுக்கும்னு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்றா. என்னதான் அதுன்னு என் ஃபோன்ல ஒரு தடவை பாத்தேன். அதுலேர்ந்து எனக்கும் அதே மாதிரி வந்து கொட்டுது. இந்த வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருக்கோம்னு அவங்களுக்கு யார் சொன்னா? ஒரு நாள் நானே கண்ணாடி முன்னாடி வயித்தை எக்கிக்கிட்டு நின்னேன். இந்த வயசுல எனக்கே வெக்கமாப் போச்சு. நோன்புக்கு நிய்யத்து, அந்த மனசுதானே முக்கியம்? இவ யாரை மனசுல வெச்சு நோன்பு பிடிக்கிறா, அல்லாவையா, அந்தப் பொம்பளையையா?

அடுத்ததை உங்ககிட்ட எழுதக் கூச்சமா இருக்கு. ஆனா வேற யார்கிட்ட சொல்ல? மாசாமாசம் வர்ற அந்த நாள்ல எங்களுக்கு நோன்பு கிடையாது. எந்த ரமலான்லயும் சிலது விட்டுப்போகும், அப்புறமா வெச்சு அடைப்போம். அப்ப என் பொண்ணு மட்டும் எப்படி முப்பதும் வெச்சா? மாடியில துணி காயப்போடும்போதுதான் இது எனக்கு உறைச்சுது. அத்தனை பேர் பாராட்டினோமே, ஒரு பொம்பளைக்கும் தோணலையே.

பீரோவைத் திறந்து பாத்தேன். நான் வாங்கி வெச்ச பேடு பாக்கெட்டெல்லாம் பிரிக்காமலே கிடக்கு. எத்தனை மாசமாச்சுடின்னு கேட்டேன். அவ முகத்துல கொஞ்சமும் பயம் இல்ல.

"நின்னுபோனா நல்லதுதானேம்மா. நோன்பு விடாம வைக்கலாம்ல."

பூந்தமல்லியில ஒரு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். அவங்க என்னைத் தனியாக் கூப்பிட்டு, இது பக்தி இல்ல வியாதி, இப்படியே விட்டா இதயம் தாங்காதுன்னு சொன்னாங்க. மனநல டாக்டரையும் பாக்கணுமாம். வியாழக்கிழமை காலையில சாப்பிட வெச்சுக் கூட்டிட்டு வரணும்னு சொல்லியிருக்காங்க. இவ, வியாழன் எனக்கு நோன்புங்கிறா. உடம்புக்கு முடியாதவங்களுக்கு நோன்பு கட்டாயம் இல்லன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே. அதைச் சொன்னா, பெத்த பொண்ணை நோன்பு வைக்காதேன்னு தடுக்கிற அம்மாவை எங்கயும் பாத்ததில்லன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிறா.

நேத்து இன்னொண்ணு சொன்னா. கனவுல நீங்க வர்றீங்களாம். மெலிஞ்சு அழகாயிட்டே, வாம்மான்னு கையை நீட்டறீங்களாம். எனக்குத் தெரிஞ்ச மச்சான் அப்படிப் பேச மாட்டார். கறிச்சோத்துல நல்லி எலும்பைத் தேடி மக தட்டுல வைக்கிற ஆள் அவர். இருந்தாலும் கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அவளைக் கூப்பிடறீங்களா?

கூப்பிட்டாலும் அனுப்ப மாட்டேன். வியாழக்கிழமை காலையில இட்லித் தட்டோட அவ முன்னாடி உக்காருவேன். அழுதாலும் திட்டினாலும் எழுந்திரிக்க மாட்டேன். நோன்பை விட வெச்ச பாவம்னு ஒண்ணு இருந்தா அது என் தலையில விழட்டும், அல்லாகிட்ட நான் பேசிக்கிறேன். அங்க உங்களுக்குத் தனியா இருக்குன்னா கொஞ்சம் பொறுத்துக்கோங்க மச்சான். வரிசைப்படி நான்தான் முதல்ல வரணும். அவளை முந்த விடமாட்டேன், இது சத்தியம்.

உங்க மகளைப் பெத்தவ,
மும்தாஜ்